எஸ்.டி.ஆர். உதவித்தொகை: மகன் வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் உண்டு

வருமானம் குறைந்தவர்களுக்கு மலேசிய அரசு தரும் பண உதவிதான் எஸ்.டி.ஆர். பினாங்கில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத் தோட்டங்களில் இன்னமும் பலருக்கு இது 'பிரிம் காசு'தான். மாத வருமானம் 3,000 ரிங்கிட்டைத் தாண்டாத குடும்பங்களுக்கு 500 ரிங்கிட் கொடுத்து 2012-இல் தொடங்கியது பிரிம். ஆட்சி மாற மாறப் பெயரும் மாறி, 2023-இல் சும்பாங்கான் துனாய் ரஹ்மா, அதாவது எஸ்.டி.ஆர். ஆனது. ஆனால் 'யாரோ தலைவர் மனசு வைத்துத் தருகிறார், வந்தால் வரட்டும்' என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. அதனாலேயே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள். இது பட்ஜெட்டில் ஒதுக்கப்படும் பணம். வருமான வரம்புக்குள் இருக்கும் குடிமக்கள் கேட்டு வாங்க வேண்டியது. இதற்காக எந்தக் கட்சிக்காரர் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம்.

குடும்பப் பிரிவில் கணவன் மனைவி இருவரின் மாத வருமானமும் சேர்ந்து 5,000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும். 2024 கணக்குப்படி, 2,500-க்குள் சம்பாதிக்கும், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,500 ரிங்கிட். ஐந்து பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தால் 2,500. வருமானம் 2,500-ஐத் தாண்டினால் இதில் பாதி. மொத்தமாக வராது, தவணையாகத்தான் வரும்.

அதிகம் ஏமாந்து போவது பெரியவர்கள். "மகன் வீட்டுல சாப்பிடுறேன், அவன் பத்து காவான் ஊர் ஃபேக்டரியில சம்பாதிக்கிறான். எனக்கு எப்படிக் கொடுப்பாங்க?" என்று கேட்கிற பாட்டிகள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். கொடுப்பார்கள், பாட்டி. 60 வயது ஆகி, துணை இல்லாதவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அதில் பார்ப்பது உங்கள் வருமானத்தை, மகன் சம்பளத்தை அல்ல. 2024-இல் இந்தப் பிரிவுக்கு 600 ரிங்கிட்.

அத்தியாவசியப் பொருள்கள் வாங்க அரசு தரும் 'சாரா' உதவி வேறு. அது கையில் காசாக வராது. பதிவு பெற்ற கடையில் ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையைக் கொடுத்து அரிசி, எண்ணெய், முட்டை, மருந்து என்று பட்டியலில் உள்ள பொருள்களை வாங்கலாம். பட்டியலில் இல்லாததைக் கல்லாவில் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள், அதற்குக் கைக்காசுதான். தோட்டத்து மளிகைக் கடை பதிவாகாமல் இருந்தால் டவுன் வரைக்கும் போக வேண்டும். வண்டி இல்லாதவர்களுக்கு இது பெரிய பாடு. பக்கத்திலுள்ள சின்னக் கடைகளையும் இதில் சேர்த்தே ஆக வேண்டும்.

அப்புறம், 'பக்கத்து வீட்டுக்கு வந்தது, எனக்கு வரலையே' என்ற மனக்குறை. பெரும்பாலும் பழைய விவரம்தான் காரணமாக இருக்கும். கணவர் இறந்திருப்பார், பிள்ளை பிறந்திருக்கும், வங்கிக் கணக்கு மூடியிருக்கும். இவற்றை நாம்தான் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் தள்ளுபடியானால், 'ராயுவான்' என்கிற மேல்முறையீடு செய்யலாம். இணையத்தில் செய்யத் தெரியாதவர்கள் ஐ.சி., சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகத்தோடு வருமான வரி வாரிய அலுவலகத்துக்கு நேரில் போகலாம்.