அத்தையின் இடுப்பு ஊசியும் அசிட்ரோம் மாத்திரையும்

இதயத்தில் செயற்கை வால்வு வைத்த என் அத்தை, மூட்டுவலி தாங்காமல் பக்கத்துத் தெரு கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் அந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய்க் கல் மாதிரி வீங்கியிருந்தது. ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுவதை அவர் சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. இந்த மாத்திரை எடுப்பவர்களுக்குத் தசைக்குள் போடும் ஊசியைக் கூடியவரை தவிர்க்க வேண்டும், உள்ளே ரத்தம் கசிந்து தேங்கிவிடும்.

ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை என்று சொல்கிறோமே தவிர ரத்தம் ஒன்றும் நீர்த்துப்போவதில்லை. ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் நான்கை முழுமையாக்கக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை வேலை செய்த வைட்டமினைப் புதுப்பித்துத்தான் உடல் மறுபடி பயன்படுத்தும், அந்தப் புதுப்பிப்பைத்தான் அசிட்ரோமும் அதே வகை மருந்தான வார்ஃபரினும் தடுக்கின்றன. வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்து 1954-இல் மனிதர்களுக்கான மருந்தானது. அளவு கூடினால் எலிக்கு நடந்த உள் ரத்தக்கசிவுதான் நமக்கும் நடக்கும், அதனால்தான் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை; எண் கூடக்கூடத் தாமதமும் கூடும். மருந்து எடுக்காதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். பெரும்பாலோருக்கு இலக்கு 2 முதல் 3, சில செயற்கை வால்வுகளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

கீரையைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டுப் பழகியவர் அப்படியே சாப்பிடலாம், திடீரென்று கூட்டுவதும் அடியோடு நிறுத்துவதும்தான் ஐ.என்.ஆரை ஆட்டிவைக்கும். எனக்குக் கீரையைவிடப் பயம், மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைதான். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகைகள் வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் மந்தமாக்கும், ஏற்கெனவே உறைய நேரமாகும் ரத்தம் அங்கே கசிய ஆரம்பித்தால் வெளியே தெரியவே நாளாகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல்கூட ஐ.என்.ஆரை ஏற்றிவிடும்.

மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து படுக்காமல் முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை விடாமல் 10 முதல் 15 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தலையில் அடிபட்டால் வலியே இல்லையென்றாலும் காத்திருக்கக் கூடாது, மண்டைக்குள் கசிவது சில நாள் கழித்துக்கூட வெளிப்படும். ஆனால் பயந்துபோய் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

அத்தை இப்போது பல் டாக்டரிடம் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன் பர்ஸிலிருந்து ஐ.என்.ஆர். அட்டையை எடுத்து நீட்டிவிடுகிறார்.