‘ஏரிதானே, இடுப்பளவுத் தண்ணீர்தானே’ என்பவர்களுக்கு

பழவேற்காட்டில் படகு ஏறும் குடும்பங்களிடம் லைஃப் ஜாக்கெட்டை நீட்டினால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: “ஏரிதானே சார், இடுப்பளவுத் தண்ணீர்தானே!” சிரித்துக்கொண்டே சொல்வார்கள். படகின் முன்பக்கம் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்க, குழந்தைகள் அதன்மேல் உட்கார்ந்து வரும் வீடியோக்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. 2011 டிசம்பர் 25 அன்று, இதே பழவேற்காட்டில் ஒரே படகில் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் இந்தப் பதில் மாறவில்லை. ஆகவே அந்த ‘இடுப்பளவு’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

பழவேற்காடு ஏரி வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். அகலமான இடத்தில் 17 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம் பக்கம். ஸ்ரீஹரிகோட்டா தீவு அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். இந்தக் கடைசி எண்ணைக் கேட்டுத்தான் எல்லாரும் தைரியமாகிவிடுகிறார்கள்.

சராசரி என்பது சேற்றுத் திட்டையும் ஓடையையும் கூட்டி வகுத்த கணக்கு. படகு திட்டின் மேல் ஓடாது, தரை தட்டிவிடும். ஆழம் இருக்கும் ஓடை வழியாகத்தான் ஓட்டுவார்கள். அப்படியென்றால் படகு கவிழ்ந்தால் நீங்கள் விழப்போவது எங்கே? ஏரியிலேயே ஆழமான இடத்தில்தான். கரையிலிருந்து பார்த்தபோது வலை இழுப்பவர் இடுப்பளவில் நின்றாரே என்றால், அவர் திட்டில் நிற்கிறார். அவருக்கு அந்தத் தரை தெரியும். உங்களுக்குத் தெரியாது.

சரி, உண்மையிலேயே இடுப்பளவு இடத்தில் விழுந்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடியில் இருப்பது களிச்சேறு. கால் முழங்கால் வரை, அதாவது 40, 45 சென்டிமீட்டர் புதையும். 95 சென்டிமீட்டர் தண்ணீர் அந்தக் கணத்தில் 140 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. பல பெண்களுக்கு அது கழுத்து. ஒரு காலை உருவ மற்றதை ஊன்றினால் அது இன்னும் இறங்கும். இதற்கு நடுவே புடவையோ வேட்டியோ காலைச் சுற்றும். கையில் குழந்தை இருக்கும். அலை வரும்.

அலையைப் பற்றித்தான் யாரும் நினைப்பதே இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் அலை உயரமாக வளராது என்பது உண்மை. ஆனால் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். கடலில் நீண்டு வரும் அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். ஏரியில் இரண்டு மூன்று நொடிக்கு ஒன்றாக வரும் குட்டை அலை, முதல் அலையில் எழுந்த படகு இறங்கி முடிப்பதற்குள் அடுத்ததை முன்பக்கத்தில் கொட்டும். கடலுக்குப் போய்ப் பழகியவர்களே ஏரி அலையை மதித்துத்தான் பேசுவார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள்தான் ‘ஏரிதானே’ என்கிறார்கள்.

ஆழமான நீர்த்தேக்கங்களில் அலை இன்னும் வளரும். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் தேக்கம் நிரம்பினால் 150 சதுர கிலோமீட்டர் பரப்பு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, தடையில்லாத 10 கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் ஓடினால் அரை மீட்டர் அலை எழும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்த கொங்குச் சீமையில், ஆடி மாதப் பிற்பகலில் குடும்பத்தோடு பரிசலில் அக்கரைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். படகை நேராகப் போகவைக்கும் அடிக்கட்டை பரிசலுக்குக் கிடையாது. காற்று அதைச் சுழற்றித் தான் விரும்பிய பக்கம் தள்ளும். ஆற்றிலும் கரையோர மீன்பிடிப்பிலும் அதை விட நல்ல கலம் இல்லை. திறந்த தேக்கத்தைக் காற்றில் கடக்க அது உகந்ததல்ல.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்காமல் தண்ணீரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது இன்னொரு பெரிய தவறு. நீங்கள் நிற்கும் கரையிலிருந்து ஏரிக்குள் காற்று வீசினால், கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அலை அங்கே பிறக்கிறது. போகப் போக வளர்கிறது. நடு ஏரிக்குப் போன பிறகுதான் அதன் முழு உருவம் தெரியும். அப்போது திரும்ப நினைத்தால் காற்றுக்கு எதிராகத் திரும்ப வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தூரத்துத் தண்ணீரைப் பாருங்கள்: அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டினால் சிறு படகில் கடக்கும் யோசனையை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கடற்கரையை ஒட்டிய ஏரியில் காலை அமைதி பிற்பகலுக்குச் செல்லாது. வெயில் ஏற ஏறக் கிழக்கிலிருந்து கடல்காற்று எழும்; காலையில் போய் மதியம் திரும்புகிறவர்கள் அதில்தான் மாட்டுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறொரு ஆபத்து, மாலையில் மேற்கே திரளும் இடிமேகம். மழை வருவதற்கு முன்பே அதன் காற்று வந்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோமீட்டர் அகல ஏரியை மணிக்கு 10 கிலோமீட்டரில் கடக்க அரை மணி நேரம். மணிக்கு 40 கிலோமீட்டரில் நகரும் மேகம் அதே அரை மணியில் 20 கிலோமீட்டர் வந்துவிடும். அடிவானத்தில் ‘தூரமாக’ இருக்கும் கருமேகம் உண்மையில் உங்கள் நடு ஏரியில் காத்திருக்கிறது. இடி காதில் விழுந்தால் கிளம்பாதீர்கள். ஏற்கெனவே தண்ணீரில் இருந்தால் பக்கத்துக் கரைக்கு ஒதுங்குங்கள், அது நீங்கள் போக நினைத்த கரையாக இல்லாவிட்டாலும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம்.

“இப்போ வேண்டாங்க, காத்து ஏறுது” என்று படகுக்காரர் சொன்னால் அவரிடம் வாதாடாதீர்கள். கூட 200 ரூபாய் தருகிறேன் என்று ஆசை காட்டாதீர்கள். அவர் வருமானத்தை விட்டுவிட்டுச் சொல்கிறார். தயவுசெய்து அந்தச் சொல்லை மதியுங்கள்.

ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் பற்றி நீட்ட வேண்டியதில்லை: போகாதீர்கள். வற்றத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கும்போது, ஏரித் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும், கடல்காற்றும் அலையும் எதிரே வந்து முட்டும். அந்த முட்டலில் அலை எழுந்து உடையும். என்ஜின் நின்றால் நீரோட்டம் படகைக் கடலுக்கே கொண்டுபோகும். ‘கடல் சேருமிடத்தை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்’ என்பது சவாரியில் சேர்க்கக் கூடாத ஆசை.

அடுத்து, ஆள் கணக்கு. 5 மீட்டர் நீளம், சராசரியாக 1.2 மீட்டர் அகலமுள்ள ஃபைபர் படகில் 65 கிலோ ஆள் ஒருவர் கூடுதலாக ஏறினால் படகு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழும். ஒன்றுதானே என்று பத்துப் பேர் ஏறினால் 11 சென்டிமீட்டர். நீர்மட்டத்துக்கு மேல் படகின் விளிம்பு 30 சென்டிமீட்டராவது நிற்க வேண்டும். கூட்டம் ஏறிய படகில் ஒரு சாண்கூட இருப்பதில்லை. அதில் ஒரே அலை போதும். அதே படகுக்குள் 10 சென்டிமீட்டர் தண்ணீர் புகுந்தால் 600 லிட்டர், அதாவது 600 கிலோ. ஒன்பது பேர் கூடுதலாக ஏறியதற்குச் சமம். அந்த ஒன்பது பேரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடுவார்கள். தண்ணீர் அப்படித்தான் ஓடும். 10 லிட்டர் வாளியில் இறைத்தால் 60 வாளி. கணுக்கால் நனைந்த உடனேயே இறைக்கத் தொடங்க வேண்டும்.

எழுந்து நின்று படம் எடுக்காதீர்கள். பறவை தெரிகிறது என்று எல்லாரும் ஒரு பக்கம் சாயாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்தது இரண்டு தளம் கொண்ட பெரிய படகு. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் கூடினார்கள். 45 பேர் இறந்தார்கள். பெரிய படகுக்கே அந்தக் கதி. பூநாரைக் கூட்டம் எங்கேயும் போய்விடாது. படகைத் திருப்பி நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்தபடியே பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட்டுக்கு வருகிறேன். ‘கையருகே வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் போட்டுக்கொள்கிறேன்’ என்பது சீட் பெல்ட்டை மோதும்போது மாட்டிக்கொள்கிறேன் என்பதற்குச் சமம். தண்ணீருக்குள் தத்தளித்துக்கொண்டு பட்டைகளைப் பூட்ட யாராலும் முடியாது. கரையிலேயே போட்டு, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி இறுக்குங்கள். பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது தண்ணீரில் கழன்றுவிடும். குழந்தைக்குக் கவட்டுப் பட்டை கட்டாயம். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். லேபிளில் மிதப்புத்திறன் நியூட்டன் கணக்கில் இருக்கும்: 50 என்றால் நீந்தத் தெரிந்தவர் கரையோரம் போடுவது; நீச்சல் தெரியாதவருக்கு 100-க்குக் குறையக் கூடாது; முகத்துவாரம், கடல் என்றால் 150. படகு வைத்திருப்பவர்களுக்கு: ஜாக்கெட்டை இருக்கையாக்கினால் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கிச் செத்துவிடும். வெயிலில் வெளுத்து, தையல் விட்டுப்போனதைத் தூக்கிப் போடுங்கள். அதை மாட்டிவிட்டு ஒருவரைத் தைரியப்படுத்துவது பாவம்.

“எனக்கு நீச்சல் தெரியும்” என்பவர்களில் பெரும்பாலோர் கிணற்றில் குதித்துக் கற்றவர்கள். பத்து மீட்டரில் படிக்கட்டு கைக்கு எட்டிவிடும். உடுத்த உடையோடு, முகத்தில் அலை அடிக்க, ஒரு கிலோமீட்டர் நீந்துவது வேறு வேலை. கரை தண்ணீர்மேல் இருந்து பார்க்கப் பக்கமாகத்தான் தெரியும். நம்பாதீர்கள்.

படகு ஓட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. என்ஜின் நின்றால் முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகைப் பாருங்கள். பாதி நேரம் அதை மூடி வைத்ததுதான் காரணம். அடுத்து ப்ரொப்பல்லரில் வலையோ பாசியோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், என்ஜினை அணைத்துவிட்டு. இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் நங்கூரத்தை இறக்குங்கள், படகின் முன்பக்கத்திலிருந்து. கயிறு ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விட வேண்டும். நேர்கீழாகத் தொங்கும் நங்கூரம் பிடிக்காது. பின்பக்கம் கட்டினால் அலை என்ஜின் பக்கம் ஏறி உள்ளே கொட்டும். நங்கூரம் பிடிக்காத ஆழம் என்றால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி முன்பக்கம் தொங்கவிடுங்கள். அது இழுத்துப் படகின் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி வைக்கும். ஓடும்போது அலையைப் பக்கவாட்டில் வாங்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, முன்பக்கத்தில் சற்றுச் சாய்வாக வாங்குங்கள். திரும்ப வேண்டுமானால் பெரிய அலைகள் இரண்டு மூன்று கடந்து சிறியவை வரும் இடைவெளிக்குக் காத்திருங்கள். நேர்க்கோட்டில் 4 கிலோமீட்டர், காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டிச் சுற்றினால் 7 கிலோமீட்டர் என்றால் சுற்றிப் போங்கள். 3 கிலோமீட்டர் பெட்ரோல் பெரிய செலவில்லை. இரண்டு துடுப்பு, ஒரு கோல், வாளி, விசில், நீர்புகா உறையில் கைப்பேசி: இவை இல்லாமல் கிளம்பக் கூடாது. கரையில் ஒருவருக்குத் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கவிழ்ந்துவிட்டால் படகை விட்டு விலகாதீர்கள். கவிழ்ந்த படகு தேடுபவர் கண்ணுக்குத் தெரியும். தனித் தலை தெரியாது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுங்கள், யாராவது படகுக்கு அடியில் மாட்டியிருக்கலாம். குழந்தைகளைப் படகின் முதுகின் மேல் ஏற்றுங்கள். நம் ஊர்த் தண்ணீர் சூடுதான் என்றாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறு குழந்தையின் உடல் குளிர்ந்துவிடும். உதவிக்கு 112, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. உதவிக்கு வரும் படகு என்ஜினை அணைத்துவிட்டு நெருங்க வேண்டும். ஆட்களைப் பக்கவாட்டில் இழுத்து ஏற்றினால் அந்தப் படகும் கவிழும். முன் அல்லது பின்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராக ஏற்றுங்கள்.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். அப்படி வெளியே வருவது வயிற்றுத் தண்ணீர். அது நுரையீரலுக்குள் திரும்பிப் போகும். அந்த இரண்டு நிமிடமும் வீண். மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, மோவாயை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில், பெரியவருக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், 2 ஊதல், மறுபடி 30. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது, கை சலித்தால் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். எழுந்து உட்கார்ந்து ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்பவரும் இருமிக்கொண்டோ மூச்சு வாங்கிக்கொண்டோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த சில மணி நேரங்களில் நிலைமை மோசமாகலாம். வீட்டில் படுக்கவைத்துவிட்டு வரக் கூடாது.