வாட்டர்ஃபிரண்ட்: நீர்முகப்பா, துறையா?

வாட்டர்ஃபிரண்ட் என்ற சொல் பலருக்கும் முதலில் கண்ணில் படுவது வீட்டு விளம்பரத்தில்தான். அப்புறம் நகரத் திட்டங்களில், பூங்காத் திறப்பு விழாச் செய்திகளில். தமிழில் எழுதுகிறவர்கள் அதை நீர்முகப்பு என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சரியான மாற்றுத்தான். ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு.

‘ஃபிரண்ட்’ என்பதன் வேர் லத்தீன் ‘ஃப்ரோன்ஸ்’. பொருள், நெற்றி. நெற்றியிலிருந்து முகப்புக்கு வந்து, அங்கிருந்து ஒரு மனையின் முன்பக்கம் என்றாகிவிட்டது. ஆக, வாட்டர்ஃபிரண்ட் என்றால் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் நிலம். நிலத்தில் நின்றுகொண்டு, இந்த மனை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கேட்பவரின் சொல் இது. தண்ணீருக்குள் கால் வைக்க முடியுமா என்று அது கேட்பதில்லை. நீர்முகப்பு என்ற தமிழ்ச் சொல் அந்தப் பார்வையையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிடுகிறது. போதாததற்கு, தமிழில் நீரோடு ‘முகம்’ சேர்ந்தால் வேறொரு நினைவு வருகிறது: கழிமுகம், முகத்துவாரம். அங்கே முகம் நீரினுடையது, கட்டடத்தினுடையது இல்லை.

தமிழில் பழைய சொல் துறை. நீருக்குள் இறங்கும் இடம் துறை. குளிக்க, துவைக்க, தண்ணீர் மொள்ள, படகு ஏற, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே இடம். புறநானூற்றில் ஔவையார் அதியமானைப் பற்றிப் பாடும் பாட்டு ஒன்றில் நீர்த்துறையில் ஒரு பெரிய ஆண்யானை படிந்து கிடக்கிறது. ஊர்ச் சிறுபிள்ளைகள் அதன் வெள்ளைத் தந்தத்தைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அதுவும் இடம் கொடுத்துக் கிடக்கிறது. பாட்டு சொல்ல வந்தது வேறு. எனக்கு வேண்டியது அந்தத் துறை. பிள்ளைகளும் யானையும் ஒரே இடத்தில் இறங்குகிறார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. ‘முன்துறை’ என்ற சொல்லும் சங்கப் பாடல்களில் உண்டு: கொற்கை முன்துறை. ஊருக்கு முன்னே இருக்கும் துறை. வாட்டர்ஃபிரண்டுக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை.

கரையைத் துறையாகப் பார்க்கும் பார்வை ஸ்பானிய மொழிக்கும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கரையோரச் சாலைக்கு எம்பார்கடேரோ என்று பெயர். கப்பல் ஏறும் இடம், அதாவது துறை. அந்தச் சாலைக்கு மேலே இரண்டடுக்கு நெடுஞ்சாலை ஒன்றைக் கட்டி நகரத்துக்கும் விரிகுடாவுக்கும் நடுவே நிறுத்தியிருந்தார்கள். 1989 நிலநடுக்கத்தில் அது சேதமடைந்தது, 1991இல் இடித்தார்கள். இன்று அங்கே மக்கள் நடக்கிறார்கள். பெயருக்கும் இடத்துக்கும் மறுபடி பொருத்தம் வந்தது.

துறையை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்று துறை என்றதும் அரசு அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. ‘துறைப் பூங்கா’ என்று எழுதினால் எந்தத் துறை என்று கேட்பார்கள். நீர்த்துறை, படித்துறை என்று அடை சேர்த்தால் தப்பிக்கலாம்.

அடுத்து, ‘பொது அணுகல்’. யார் வேண்டுமானாலும் கரைக்கு வந்துபோகலாம் என்பது. அந்த உரிமை பழையது. ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில், 533இல் வந்த ரோமானியச் சட்ட நூல் காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை எல்லோருக்கும் பொது என்கிறது. கரை எதுவரை? குளிர்காலத்தின் மிகப்பெரிய அலை ஏறும் இடம்வரை. பிரான்சில் 1976ஆம் ஆண்டுச் சட்டம், கடலை ஒட்டிய தனியார் மனைகளில் 3 மீட்டர் அகலத்துக்கு நடப்பவர்களுக்கு வழிவிடச் சொல்கிறது. சிகாகோவில் 1836ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றில், ஏரிக்கரை நிலத்தின் மேல், கட்டடமோ வேறு தடையோ இல்லாமல் என்றும் திறந்திருக்க வேண்டிய பொது இடம் என்று எழுதிவைத்தார்கள். வரைபடத்தில் எழுதிய அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மாண்ட்கோமரி வார்ட் என்ற வணிகர் 1890 முதல் இருபது ஆண்டுகள் வழக்காடி அந்தக் கரையைக் காப்பாற்றினார்.

கலிபோர்னியாவின் கடலோர விதிகளில் இந்த அணுகல் இரண்டு வகை: சாலையிலிருந்து கரைக்கு வருவது ஒன்று, கரையோடு நெடுக நடப்பது இன்னொன்று. முதல் வகைக்கு அவர்கள் வைத்த பெயரை நேராகத் தமிழாக்கினால் ‘செங்குத்து அணுகல்’. ஒரு திட்ட அறிக்கையின் தமிழ் வடிவத்தைத் திருத்தித் தரச் சொன்னபோது இந்தத் தொடரைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் படித்துக் காட்டினேன். “லிஃப்ட் வைக்கப் போறாங்களா?” என்றார். கரைக்கோட்டுக்குச் செங்குத்தாகப் போகும் பாதை என்பதுதான் பொருள். மேலே ஏறுவதோ கீழே இறங்குவதோ இல்லை. ஆனால் தமிழில் தண்ணீரை நோக்கிப் போவதே இறங்குவதுதான். ஆற்றில் இறங்கினான், குளத்தில் இறங்கினாள். அதனால் ‘இறங்குவழி’ என்று போட்டேன். மற்றதற்குக் ‘கரைவழி’. இரண்டையும் பிரித்துச் சொல்வது முக்கியம். மூன்று கிலோமீட்டர் கரைவழி போட்டுவிட்டு இறங்குவழியைக் கடைக்கோடியில் ஒன்றே ஒன்று வைத்த பூங்காக்கள் உண்டு. முழங்கை வைக்க வசதியான கம்பித் தடுப்பு, இரண்டடிக்குக் கீழே தண்ணீர், தொட வழியில்லை. அதை அணுகல் என்று எழுதலாம், இறங்குவழி என்று எழுத முடியாது.

கரையோரப் பூங்காவுக்கும் பழைய சொல் இருக்கிறது: கானல். கடற்கரைச் சோலை என்று பொருள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் பாடும் கானல்வரி அந்தக் கானலில் பாடியதுதான். பாவம், இன்று கானல் என்றால் கானல்நீர்தான். வரைபடத்தில் மட்டும் இருக்கும் பூங்காக்களுக்கு அந்தப் பெயர் பொருந்தலாம். மற்றவற்றுக்குக் கரைப்பூங்கா போதும்.

நான் இப்போது எழுதுவது இப்படி: விற்பனைக்கு வரும் நிலம் என்றால் நீர்முகப்பு, பொதுவாக அந்தப் பகுதி என்றால் கரையோரம், மக்கள் நீரைத் தொடும் இடம் என்றால் படித்துறை. அந்த அறிக்கை அச்சாகி வந்தது. இறங்குவழி உள்ளே அப்படியே இருந்தது. அட்டையில் மட்டும், பெரிய எழுத்தில், நீர்முகப்பு.