இன்ஜின் நிற்கவில்லை ஐயா, இறக்கைதான் கைவிட்டது

மறுபடியும் ஒரு வீடியோ. தாழ்வாக வந்த குட்டி விமானம் விளம்பரப் பேனரைக் கொக்கியில் கோத்துத் தூக்குகிறது, மூக்கு வானத்தைப் பார்க்கிறது, ஒரு பக்க இறக்கை சரிகிறது, முடிந்தது. நாகர்கோவில் வாட்ஸ்அப் குழுக்களில் உடனே தீர்ப்பும் வந்துவிடும்: "இன்ஜின் ஆஃப் ஆயிட்டு, அதான் கல்லு மாதிரி விழுந்துட்டு."

ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். இப்படிப்பட்ட வீடியோக்கள் பலவற்றில் இன்ஜின் கடைசி நொடிவரை கத்திக்கொண்டுதான் இருக்கும்.

விமானத்தைத் தூக்குவது இறக்கை. செஸ்னா 172 என்ற குட்டி விமானத்தின் இன்ஜின் 1000 அடியில் நின்றுபோனாலும், காற்றில்லாத நாளில் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே போகும். விழவைப்பது 'ஸ்டால்'. கார் ஸ்டால் ஆவதற்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு சம்பந்தமில்லை. காற்று இறக்கையில் மோதும் கோணம் 15, 16 டிகிரியைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்து போகும், தூக்குவிசை சரியும். இன்ஜின் ஓடுகிறதா, நின்றதா என்று இறக்கை பார்ப்பதில்லை. முப்பந்தல் பக்கம் போனால் பழைய காற்றாலைகளைக் கவனியுங்கள். பலவற்றில் பிளேடின் கோணத்தை மாற்ற முடியாது. காற்று மிஞ்சும்போது பிளேடு தானாக ஸ்டால் ஆகும்படி செய்திருப்பார்கள். ஜெனரேட்டரைக் காப்பாற்றும் அதே சங்கதிதான் 100 அடியில் ஆளைக் கொல்கிறது.

பேனர் வேலையில் இது ஏன் அடிக்கடி? இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றைக் கொக்கியால் அள்ளி, பேனர் தரையில் இழுபடாமல் உரிந்து எழுவதற்காகச் செங்குத்தாக ஏறுகிறார்கள். ஏறும்போதே வேகம் குறைகிறது; வேகம் குறையக் குறைய, அதே எடையைத் தாங்க அந்தக் கோணம் கூடவேண்டியிருக்கும். அதே நேரத்தில் பேனரின் இழுவையும் சேர்கிறது. போதாக்குறைக்கு, மாட்டியதா என்று விமானி திரும்பிப் பார்க்கிறார்.

காற்று இன்னொரு ஏமாற்று. பேனரோடு வேகம் 50 நாட்தான் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) என்று வையுங்கள். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிப்பது போல 25 நாட் காற்று இருந்தால், எதிர்த்துப் போகையில் தரை 25 நாட்டில் நகரும், திரும்பினால் 75. தரை பறப்பதைப் பார்த்து 'வேகம் இருக்கிறதே' என்று கட்டுப்பாட்டுக் கம்பை இழுத்தால் போச்சு. வேகமானி முள்ளைப் பார்க்க வேண்டும், தென்னந்தோப்பை அல்ல. சாய்ந்து திரும்பினால் இன்னும் மோசம்: 40 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம் 60 டிகிரி சாய்வில் 56 நாட்டிலேயே ஆகிவிடும்.

பறந்த மணிக்கணக்குச் சேர்க்க வெளிநாட்டில் இந்த வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு: கிளம்புமுன், பேனரைக் கழற்றிவிடும் ரிலீஸ் நெம்புகோலைக் கயிற்றில் பாரம் கொடுத்து இழுத்துப் பாருங்கள், வெறுமனே 'டிக்' சத்தம் கேட்டால் போதாது. கொக்கிக் கயிறு வால் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் ரிலீஸ் பயன்படாது. பறக்கத் தொடங்கிக் கொக்கியை வெளியே வீசியபின் அது சரியாகத் தொங்குகிறதா என்று தரையில் இருப்பவர் ரேடியோவில் சொல்லும்வரை கம்பத்தை நெருங்காதீர்கள். வேகம் சரிந்தால் மூக்கை இறக்கு, பேனரை விடு. யோசிக்கவே கூடாது. துணிக்கு முதலாளி திட்டினால் திட்டட்டும். மெதுவான வேகம், முழு பவர்: எண்ணெய்ச் சூடு ஏறும், பெட்ரோல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீரும். கணக்கைப் பேனரோடு போடுங்கள்.

நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை, நமக்கென்ன என்கிறீர்களா? சங்குத்துறைக் கடற்கரையில் பாராமோட்டாரில் (முதுகில் மோட்டார் விசிறி கட்டிக்கொண்டு பாராசூட் போன்ற துணி இறக்கையில் பறப்பது) பேனர் கட்டலாமா என்று விழாக் கமிட்டியினர் கேட்கிறார்கள். அனுமதி வாங்கினீர்களா என்றால் சிரிக்கிறார்கள். பாராமோட்டாரின் விசிறி முதுகுப் பக்கம் சுற்றுகிறது. பின்னால் கட்டும் கயிறு நேரே அதற்குள் போகும். ஒரே இழுப்பில் கழலும் ரிலீஸ் இல்லாமல், மிதவைச் சட்டை இல்லாமல், முதுகில் மோட்டாரோடு கடலுக்கு மேலே ஒருவரை அனுப்பாதீர்கள். தயவுசெய்து அந்தப் பேனரை இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிவிடுங்கள்.