மூளைத் துண்டு காத்திருக்காது

எலி மூளையை மெல்லிய துண்டுகளாக வெட்டி, நரம்புச் செல்களின் மின்சமிக்ஞையைப் பதிவு செய்வது என் வேலை. பினாங்கில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். துண்டின் தடிமன் 300, 400 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவத்தைப் போலத் தயாரித்த செயற்கை மூளைத் தண்டுவடத் திரவத்தில் போட்டு ஆக்சிஜன் விட்டுக்கொண்டே இருந்தால் ஆறேழு மணி நேரம் உயிரோடு தாங்கும். காலையில் ஆயத்தம் ஆரம்பித்து நண்பகலில் வெட்டினால் முடிய இரவாகிவிடும். பாதியில் விட்டு நாளைக்குத் தொடரலாம் என்ற பேச்சே இல்லை.

பட்டர்வொர்த்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் கர்ப்பமானாள். "ஒரு வருஷம் நிறுத்திக்கிறேன் டாக்டர்" என்றாள். மயக்க வாயுவும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினும் கர்ப்பிணிக்கு ஆகாது, சரி. அதற்காக ஆய்வையே ஏன் நிறுத்த வேண்டும்? எலியை மயக்கி மூளையை எடுத்து வெட்டுவதை ஆய்வக உதவியாளர் ஏற்றார். பதிவும் பகுப்பாய்வும் அவளுடையவை. மாலை ஐந்துக்குமேல் இன்னொரு மாணவனும் அவளோடு கருவியருகே உட்கார்ந்தான். அவனுக்கும் கட்டுரையில் பெயர் உண்டு, வேலையின் பெரும்பங்கைச் செய்தவருக்கான முதல் பெயர் அவளுடையது என்று அன்றே எழுதி வைத்தோம். என் காலத்தில் எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. பிரசவம் முடிந்து திரும்பியபோது என் பெயர் மூன்றாவதாகப் போயிருந்தது.

இது பழைய கதைதான். உடலியங்கியல், மருத்துவத்துக்கான நோபல் பரிசை வாங்கிய முதல் பெண் கெர்ட்டி கோரி. கணவரோடு சேர்ந்தே ஆய்வு செய்தார். ஆனால் கணவர் பேராசிரியர், இவர் பல வருஷம் ஆய்வுத் துணைப் பணியில். முழுப் பேராசிரியர் பதவி கிடைத்ததும் பரிசு கிடைத்த அதே 1947-ல்தான். இங்கே, 1969-ல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் துணைவேந்தராக அஸ்மா இஸ்மாயில் வந்தது 2016-ல்.

2023 ஜனவரி முதல் நம் நாட்டில் பிரசவ விடுப்பு 98 நாள். ஆனால் அது ஊழியர்களுக்கான சட்டம். உதவித்தொகையில் படிக்கும் மாணவிக்குத் தானாக வந்து சேராது. அதனால் ஆய்வகத்தில் சேருமுன் மேற்பார்வையாளரிடம் நேராகக் கேளுங்கள்: இங்கே பிள்ளை பெற்ற மாணவி யாராவது பட்டத்தை முடித்திருக்கிறாளா? அந்த மாதங்களில் எலியை யார் வெட்டினார்கள்? பதில் இழுத்தால் வேறு ஆய்வகம் பாருங்கள்.

அந்த மாணவியின் அம்மாவுக்கு, ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளைத்தாய்ச்சிக்கு அங்கே என்ன வேலை என்ற கோபம். ஒருநாள் வரச் சொன்னேன். ஃபெரி ஏறி வந்து, திரையில் கோடு துள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எலி செத்துப் போச்சுதானே?"

"எலி போயிடுச்சும்மா. துண்டு இன்னும் சாகல."

"அப்ப முடிச்சிட்டே வரட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.