குழந்தையைப் பார்த்தாச்சு, அம்மாவைப் பார்த்தீர்களா?

லேபர் வார்டுக் கதவைத் திறந்து நாங்கள் தலையை நீட்டியதும் வருகிற கேள்விகள் எந்த ஊரிலும் மாறுவதில்லை. என்ன குழந்தை, எத்தனை கிலோ, எத்தனை மணிக்குப் பிறந்தது? ஜாதகம் எழுத நேரம் வேண்டுமே! சுகப்பிரசவம் என்று சொல்லிவிட்டால் வெளியே எல்லோருக்கும் நிம்மதி. உள்ளே இருக்கும் நர்சுக்கு அடுத்த இரண்டு மணி நேரம்தான் கண்ணை எடுக்க முடியாத நேரம். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு அப்போதுதான் பெரும்பாலும் தலைகாட்டும்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்து வந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்தபடி இருக்கும். கருப்பைத் தசை இறுகி அவற்றை நெரித்தால்தான் ரத்தம் நிற்கும். அதற்காகத்தான் குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொடையில் ஆக்சிடோசின் 10 யூனிட் போடுகிறோம். ‘பிள்ளைதான் பிறந்தாச்சே, இன்னும் எதுக்கு வலி ஊசி?’ என்று கேட்பார்கள். அதே மருந்துதான், இப்போது செய்யும் வேலை வேறு. இது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. டூட்டி மாறும்போது ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்காத சிஸ்டரை எனக்குப் பிடிக்காது.

அப்புறம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, பிபி, கருப்பை, ரத்தப்போக்கு. தொப்புளை ஒட்டிக் கை வைத்தால் கருப்பை நெற்றியைத் தொடுவது போலக் கெட்டியாகத் தெரிய வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உடனே தேய்த்து விடுவோம். வலிக்கும். ‘அமுக்காதீங்க சிஸ்டர்’ என்று கையைத் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. ஏன் அமுக்குகிறோம் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

சில சமயம் தேய்த்தும் இறுகாது, கருப்பை வலது பக்கம் ஒதுங்கி மேலே ஏறியிருக்கும். அப்படிப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, ‘ஒண்ணுக்குப் போனியாம்மா?’ தையல் எரியும் என்ற பயத்தில் அடக்கிவைத்திருப்பாள். நிறைந்த மூத்திரப்பை கருப்பையை இறுகவிடாது. பெட்பேன் வைத்தோ, முடியாதபோது குழாய் விட்டோ வெளியேற்றினால், கைக்குக் கீழேயே கருப்பை நடுவுக்கு வந்து கெட்டிப்படுவது தெரியும். பக்கத்தில் பாட்டி இருந்தால், ‘பச்ச உடம்பு, தண்ணி குடுக்காதீங்க நர்சம்மா’ என்பார். தண்ணீர் குடிக்கட்டும் பாட்டி, பாலும் ஊற வேண்டும், மூத்திரமும் போக வேண்டும்.

ரத்தம் எவ்வளவு போனது என்பதில் கண்ணை நம்பக் கூடாது. துணியிலும் பேடிலும் ஊறியது குறைவாகவே தெரியும். ஊறிய பேடை எடை போட்டு, காய்ந்த பேடின் எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்து, சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் சேர்த்தே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. கடுமையான பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்தன. 500 மில்லி வரை காத்திருந்த பழக்கத்தை மாற்றி, 300 மில்லியிலேயே நாடியோ பிபியோ சரியில்லை என்றால் சிகிச்சையில் இறங்கிவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொல்லிவிட்டது. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அந்த 300-ஏ அதிகம்.

இன்னொன்று, பிபி நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடியிருப்பதால் உடம்பு வெகுநேரம் தாக்குப்பிடிக்கும்; நாடிதான் முதலில் ஏறும். கூடவே கொட்டாவி, தாகம், குளிர்ந்த வியர்வை, ‘ஃபேனைக் கூட்டுங்க’ என்ற தவிப்பு. பிள்ளை பெற்ற களைப்பு என்று வீட்டார் விட்டுவிடுவது இதைத்தான். உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், அதனால் ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்பதற்கு இங்கே இடமில்லை.

கூட இருக்கும் அம்மாவோ அக்காவோ எங்களுக்கு இன்னொரு ஜோடிக் கண்கள். ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டியாக விழுந்தாலோ, கூப்பிடத் தயங்காதீர்கள். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றாலும் அப்படியே. கர்ப்பத்தில் பிபி இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு வலிப்பு வரலாம். வீட்டுக்குப் போன பின் காய்ச்சலோ, கெட்ட வாடையுள்ள போக்கோ வந்தால் பத்தியத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். திடீரென்று ரத்தம் அதிகமானால் 108.

பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைப்பது வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட்டுச் சீம்பால் கொடுங்கள். அப்போது அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும், அது கருப்பை இறுகும் வலி. முதல் தடவை பாத்ரூம் போகும்போது உடனே எழுந்து நிற்காமல் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கதவைச் சாத்தினால் போதும், உள்தாழ்ப்பாள் போட வேண்டாம்.