கீரையை எங்கே வாங்குகிறோம், எப்போது வாங்குகிறோம்?

"தினமும் கீரை சாப்பிடுறேன், ஆனா ரத்தம் ஏறவே மாட்டேங்குது மேடம்." மதுரையில் உணவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு இது பழகிப்போன புகார். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. அதனால், என்ன கீரை சாப்பிடுகிறீர்கள் என்பதோடு விடாமல், எப்போது வாங்கினீர்கள், எத்தனை நாள் கழித்துச் சமைத்தீர்கள் என்றும் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தது என்பார்கள்.

பறித்த பிறகும் கீரை சுவாசிக்கிறது, நீரை இழக்கிறது. வாட வாட வைட்டமின் சி குறையும், ஃபோலேட் என்ற பி வைட்டமினும் குறையும். இரும்புச்சத்தும் கால்சியமும் அப்படியேதான் இருக்கும். ஆனால் கீரையில் உள்ள இரும்பை உடல் லேசில் எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால்தான் ஓரளவு சேரும். ஃபோலேட் போதாவிட்டால் ரத்த அணுக்கள் சரியாக உருவாகாது. அதற்காக, மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கீரை வாங்க உழவர் சந்தைக்குப் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 1999 நவம்பர் 14 அன்று முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது எங்கள் மதுரையில். விவசாயிக்குக் கடை வாடகை கிடையாது, அன்றைய விலை பலகையில் இருக்கும். முந்தின நாள் சாயங்காலமோ விடியற்காலையிலோ பறித்த கீரை காலையிலேயே வந்துவிடும். வெயில் ஏறிய பிறகு போனால் தண்ணீர் தெளித்து நிமிர்த்தி வைத்த கட்டுதான் மிஞ்சும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணிக்கு இந்த அவசரமெல்லாம் வேண்டாம், பக்கத்துக் கடையிலேயே வாங்கலாம்.

சந்தைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் விவசாயிதானா? அடையாள அட்டை கொடுத்துத்தான் அனுமதிக்கிறார்கள். இருந்தாலும் நான் கடையைப் பார்ப்பேன். சொந்தமாக விளைவித்தவரிடம் மூன்று நான்கு வகைதான் இருக்கும், அளவும் ஒன்றுபோல இருக்காது. கேரட், இஞ்சி, பெரிய வெங்காயம், கத்தரிக்காய் எல்லாம் ஒரே கடையில் குவிந்திருந்தால் மொத்தச் சந்தையில் வாங்கி வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நேரடியாக விவசாயியிடம் வாங்கினால் பூச்சிமருந்து இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. ஓட்டை விழுந்த கத்தரிக்காயைத் தேடி வாங்குபவர்களும் உண்டு. காய்த்துளைப்பான் புழு, மருந்து அடித்த வயலிலும் வரும், சொல்லப்போனால் அதற்காகத்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். நேரடியாக வாங்குவதில் உள்ள லாபம், கேட்க ஆள் எதிரே இருப்பதுதான். "மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுண்ணே?" என்று கேளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும், அடித்த பிறகு அறுவடைக்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வாடிக்கையாகப் போகிறவரிடம் பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள். கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசிவிட்டு இதைக் கேட்டால் மட்டும் பதில் வேறு மாதிரி வரும்!

வீட்டுக்கு வந்ததும் கீரையைக் கழுவி வைக்காதீர்கள், ஈரத்தில் சீக்கிரம் அழுகும். பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து, அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, அதன் பிறகு நறுக்குங்கள். அலசினால் மண்ணும் மேலே படிந்த மருந்தில் ஒரு பங்கும் போகும், செடிக்குள் ஊடுருவியது போகாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் ஃபோலேட்டும் சேர்ந்து போய்விடும், அதனால் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். சூட்டிலும் வைட்டமின் சி குறையும் என்பதால் இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியலாம், இல்லையென்றால் ஒரு நெல்லிக்காய் சாப்பிடலாம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு சேர்வது குறையும், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் கீரையின் அளவைத் தாங்களாகக் கூட்டாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.